ஒப்பாரி இல்லாத படுகளம்

1

2021 ஜனவரியில் வில்லியனூரை ஒட்டிய மணவெளியில் ஒரு பையன் இறந்துபோனான். பதினாறு வயது, பிளஸ் ஒன் மாணவன். காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நாலு மணி நேரத்துக்கு மேல் செல்போனில் விளையாடிக்கொண்டிருந்தவன் மயங்கி விழுந்தான், மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை என்று செய்திகளில் வந்தது. விளையாட்டின் பெயர் 'ஃபயர் வால்' என்று போட்டிருந்தார்கள்.

பாகூர் ஏரிப் பக்கம் இருக்கிற எங்கள் ஊர் டீக்கடைக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது அது 'ஃப்ரீ ஃபயர்' ஆகியிருந்தது. இரண்டு நாளில் 'பப்ஜி' ஆனது. பப்ஜியை அரசாங்கம் தடை செய்து அப்போது நாலு மாதம் முடிந்திருந்தது. யாருக்கும் அது பொருட்டாக இல்லை. தீர்ப்பு இரண்டே இரண்டுதான். ஒன்று, "கேம் கொன்னுடுச்சி." இன்னொன்று, "பெத்தவங்க என்னத்த பண்ணிட்டு இருந்தாங்க?" இரண்டாவதைச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அன்று வீட்டுக்கு வந்தால் அக்கா பையன் திண்ணையில் சாய்ந்து, காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருக்கிறான். கையில் இருந்தது 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காக நான் தவணையில் வாங்கிக் கொடுத்த போன். அக்கா சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்துவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா சென்ட்ரிங் வேலைக்குக் கடலூர் போயிருந்தார். பெத்தவங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க என்ற கேள்விக்கு எங்கள் வீட்டுப் பதில் அதுதான்.

ஒரு படம் பிடிக்காவிட்டால் நாம் பத்துப் பக்கம் எழுதுகிறோம். கேமராக் கோணம், சாதி அரசியல், பெண் சித்திரிப்பு என்று பிரித்துப் போடுகிறோம். லட்சக்கணக்கான பிள்ளைகள் தினமும் மணிக்கணக்கில் உள்ளே வாழ்கிற ஒரு பிரதியை மட்டும் படிக்காமலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் அந்தப் பிரதியைப் படித்துப் பார்க்கிறேன். பெற்றோர் பொறுப்பு என்ற பேச்சுக்கு அதன் வழியாகத்தான் வர முடியும் என்று நினைக்கிறேன்.

2

ஃப்ரீ ஃபயரை எடுத்துக்கொள்வோம். 2017இல் வெளிவந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த கரீனா நிறுவனத்தின் வெளியீடு. கிராமத்தில் அது பரவியதற்குக் காரணம் எளிமையானது. விலை குறைந்த, மெமரி கம்மியான போனிலும் அது ஓடும். பப்ஜியில் ஓர் ஆட்டம் அரை மணி நேரம் என்றால் இதில் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். டியூஷனுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் ஒரு ஆட்டம் போடலாம். "ஒன்னே ஒன்னு மாமா" என்ற சொல் அந்தப் பத்து நிமிடத்தில் பிறந்ததுதான். பத்து நிமிடம் தருகிறேன் என்று சொல்லாத பெரியவர் யார்?

ஐம்பது பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். கையில் எதுவும் இல்லை. வீடுகளுக்குள் புகுந்து துப்பாக்கி, தோட்டா, மருந்துப் பெட்டி தேடவேண்டும். வீடுகளில் மனிதர்கள் இல்லை. கட்டில் இருக்கும், படுத்தவர் இருக்கமாட்டார். பாதுகாப்பான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்துக்கு வெளியே நின்றால் உயிர் குறையும். ஆக, ஒளிந்து வாழ வழியில்லை. கடைசியாக நிற்கிற ஆளுக்கு அல்லது அணிக்குத் திரையில் 'பூயா' என்று வரும்.

நான் அவனோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். முதல் வாரம் குதித்த உடனேயே செத்தேன். "மாமா, நிக்காத மாமா, ஓடிட்டே இரு" என்று அவன் கத்துவான். அழகியலாகப் பார்த்தால் இதில் நேர்த்தி இருக்கிறது. காலடிச் சத்தத்தை வைத்து எதிரி எந்தப் பக்கம் என்று கணிக்கவேண்டும், அதனால்தான் ஹெட்செட். நண்பன் விழுந்தால் குண்டுக்கு நடுவில் ஓடிப்போய்த் தூக்கிவிடவேண்டும். எங்கள் தெருவில் நாலு பசங்கள் நாலு வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு ஒரே அணியாக ஆடுவார்கள். ஒருவனுக்கு உயிர் போகும் நேரத்தில் இன்னொருவன் தன் மருந்தைப் போட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். 'இந்தத் தலைமுறைக்கு நட்பு தெரியாது' என்று எழுதுகிறவர்கள் ஒரு ஆட்டமாவது பார்க்கலாம்.

ஒருநாள் என் அம்மா, அவனுக்கு ஆயா, பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒருத்தனைச் சுட்டான். சுடப்பட்டவன் விழுந்தான். அம்மா கேட்டாள்:

"செத்தவன எங்கடா எடுத்துப் போடுவாங்க?"

அவன் சிரித்துவிட்டான். "எடுத்துலாம் போட மாட்டாங்க ஆயா. பெட்டியாயிடுவான்."

உண்மைதான். செத்தவன் இருந்த இடத்தில் ஒரு பெட்டி கிடக்கும். அதில் அவன் சேர்த்த தோட்டா, கவசம், மருந்து எல்லாம் இருக்கும். ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம். பப்ஜியிலும் இதே ஏற்பாடுதான். இந்த வகை விளையாட்டின் மையப் படிமம் துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, இந்தப் பெட்டிதான். உடல் இருக்கும் இடத்தில் சொத்து இருக்கிறது. செத்தவனைப் பார்க்க ஒரு நொடி நின்றால் நீ செத்தாய். துக்கம் கொண்டாட அங்கே நேரமே வைக்கப்படவில்லை. இதை விளையாட்டின் இலக்கணம் என்றே சொல்லவேண்டும்.

3

இந்த இலக்கணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஒரு ஜப்பானியப் படத்தில் போய் நிற்கிறோம். 'பேட்டில் ராயல்', 2000இல் வந்தது, இயக்கியவர் கின்ஜி ஃபுகாசாகு. கௌஷுன் தகாமி 1999இல் எழுதிய நாவலை வைத்து எடுத்தது. பப்ஜியை உருவாக்கிய அயர்லாந்துக்காரர் பிரெண்டன் கிரீன் தன் விளையாட்டு வகைக்குப் பெயரை எடுத்தது இந்தப் படத்திலிருந்துதான்.

படத்தின் கதை இது. பொருளாதாரம் சரிந்த ஜப்பான். பிள்ளைகள் பள்ளிக்குப் போக மறுக்கிறார்கள், பெரியவர்களுக்குப் பிள்ளைகளைக் கண்டு பயம் வந்துவிடுகிறது. சட்டம் ஒன்று போடுகிறார்கள். ஒரு வகுப்பு மாணவர்களை மொத்தமாகத் தீவில் இறக்கி, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரை ஒருவர் கொல்லச் சொல்லும் சட்டம். கதாநாயகனின் அப்பா படத்தின் தொடக்கத்திலேயே தூக்கில் தொங்கிவிடுகிறார். அந்தத் தீவை நடத்துகிறவர் அந்தப் பிள்ளைகளுக்கு முன்பு பாடம் எடுத்த ஆசிரியர்.

ஃபுகாசாகு இரண்டாம் உலகப்போரின் கடைசியில், பதினைந்து வயதில், ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்த சிறுவன். குண்டுவீச்சில் செத்த தன் வயதுப் பிள்ளைகளின் உடல்களை அப்புறப்படுத்தியவன். பெரியவர்கள் சொன்ன பொய்க்குப் பிள்ளைகள் செத்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை. எழுபது வயதில் எடுத்த படத்தில் அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது. படத்தில் ஒவ்வொரு சாவுக்கும் பெயர் திரையில் வரும், இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று கணக்கு வரும். சாகிறவளுக்கு ஒரு காதல், ஒரு பொறாமை, ஒரு பழைய சண்டை இருக்கும். ஒவ்வொரு சாவும் நம்மை உறுத்துகிறது.

விளையாட்டு அந்தப் படத்திலிருந்து தீவை எடுத்துக்கொண்டது, ஆபத்துப் பகுதிகளை எடுத்துக்கொண்டது, மிச்சம் எத்தனை பேர் என்ற கணக்கையும் எடுத்துக்கொண்டது. விட்டுவிட்டது ஒன்றைத்தான், பிள்ளைகளை அந்தத் தீவில் இறக்கிவிட்ட பெரியவர்களை. பெரியவர்களின் குற்றத்தைப் பற்றிய கதை, பெரியவர்களே இல்லாத விளையாட்டாக மாறி எங்கள் ஊர்த் திண்ணைக்கு வந்து சேர்ந்தது. யார் இறக்கிவிட்டார்கள் என்ற கேள்வியை விளையாட்டுக்குள் கேட்க முடியாது. வெளியே கேட்கலாம். எங்கள் வீட்டில் அதற்குப் பதில்: நான்.

4

எங்கள் பகுதியில் பிள்ளைகளுக்கு வன்முறையைக் காட்டும் கலை போனோடு வரவில்லை. திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் ஊர்களில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும். கடைசி நாள் படுகளம், சாயந்திரம் தீமிதி. புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் கிராமங்களில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துரியோதனனை மண்ணால் மல்லாக்கப் படுத்த வாக்கில் செய்வார்கள். பெரிய உருவம், ஒரு வீட்டின் நீளம் இருக்கும். பீமன் வேடக்காரர் கதையோடு அதன்மேல் ஏறுவார். தொடையில் அடிப்பார். உள்ளே வைத்திருக்கும் சிவப்பு நீர் பொங்கும். அதைத் தொட்டுப் பாஞ்சாலியின் அவிழ்ந்த கூந்தலை முடிப்பார்கள்.

எனக்கு ஆறு ஏழு வயது இருக்கும். எங்க ஆயா மடியில் இருந்தேன். தொடை உடையும் இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆயா கையை விலக்கிவிட்டாள். "மூடாத, பாரு. இதோட முடியல. காந்தாரி வருவா, அவ அழுவுறதயும் பாத்துட்டுத்தான் போவணும்."

காந்தாரி வந்தாள். புடவை கட்டிய கூத்துக்காரர், பகலில் எங்கள் ஊருக்குக் கதிர் அறுக்க வருகிறவர். மண் துரியோதனன் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார். சுற்றி இருந்த பொம்பளைங்க மாரில் அடித்துக்கொண்டு சேர்ந்து அழுதார்கள். ஊரே வெறுக்கிற துரியோதனனுக்கு, அதே ஊர் அழுதது. ஆயாவும் அழுதாள். அந்த வருஷம்தான் என் சித்தப்பா ஒருவர் இறந்திருந்தார், அவருக்காகவும் சேர்த்து அழுதாள் என்று பிறகு புரிந்தது. முடிந்ததும் அந்த மண்ணில் ஒரு பிடி முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள்.

படுகளத்தில் ரத்தம் கம்மி, விளையாட்டில் அதிகம் என்று யாரும் சொல்ல முடியாது. படுகளம்தான் அதிகம். வித்தியாசம் என்னவென்றால், பாரதக் கூத்தில் செத்தவனுக்கெல்லாம் ஒரு அம்மா இருக்கிறாள். அபிமன்யுவுக்கு சுபத்திரை. துரியோதனனுக்கு காந்தாரி. செத்தவன் பெட்டியாவதில்லை, மகனாகிறான். அதைவிட முக்கியம், அதைப் பார்க்கிற பிள்ளை ஒரு மடியில் இருக்கிறது. கண்ணை மூடாதே என்று சொல்ல ஒரு ஆள், அதற்குப் பிறகு என்ன வரும் என்று தெரிந்த ஆள், பக்கத்தில் இருக்கிறாள்.

5

இங்கே ஒரு சுலபமான முடிவு காத்திருக்கிறது. 'பாருங்கள், நம் மரபிலேயே வன்முறை இருக்கிறது, அதனால் விளையாட்டு ஒன்றும் செய்யாது.' 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வழியில்தான் போனது. வன்முறை விளையாட்டுகளைச் சிறுவர்களுக்கு விற்கக்கூடாது என்ற கலிபோர்னியா சட்டத்தை அது ரத்து செய்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, கிரிம் சகோதரர்களின் கதைகளிலும்தான் கொடூரம் இருக்கிறது என்று சுட்டிக்காட்டினார்.

சட்டமாக அது சரியாக இருக்கலாம். விமர்சனமாக அது பாதி. கதை என்ன சொல்கிறது என்று பார்க்கிறது, யார் மடியில் சொல்லப்பட்டது என்று பார்க்கவில்லை.

எதிர்ப்பக்கத்துக்காரர்களின் முடிவும் எனக்கு ஒத்துவரவில்லை. அமெரிக்க உளவியலாளர் சங்கம் 2020இல் சொன்னது இதுதான்: இந்த விளையாட்டுகளுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு தெரிகிறது, கொலை மாதிரியான கொடுஞ்செயல்களுக்குக் காரணம் இதுதான் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை. கேம் ஆடினால் கொலைகாரன் ஆவான் என்ற வாட்ஸ்அப் பயத்துக்கு இதற்கு மேல் பதில் வேண்டாம்.

நம் பயத்திலும் நேர்மை இல்லை. 2023இல் 'ஜெயிலர்' வந்தபோது குடும்பம் குடும்பமாகப் போனோம். தலை வெட்டும் காட்சிக்கு அரங்கமே விசிலடித்தது, எனக்கு முன் வரிசையில் ஒரு நாலு வயசுக் குழந்தை அப்பா தோளில் இருந்து பார்த்தது. படத்துக்கு யு/ஏ சான்றிதழ். பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்று அர்த்தம். அந்த வழிகாட்டுதல் என்பது டிக்கெட் எடுப்பது என்றுதான் நாம் புரிந்துவைத்திருக்கிறோம். 2024இல் அந்தச் சான்றிதழை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்தார்கள். டிக்கெட் கிழிக்கிறவர் யாரும் வயது கேட்டு நான் பார்க்கவில்லை. வெளியே வந்து அதே அப்பா தன் பெரிய பையனிடம் "எப்பப் பாத்தாலும் சுடுறது, வெட்றதுன்னு கேமு" என்று திட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். நான் சிரிக்கவில்லை, நானும் அதே வண்டிதான்.

6

பெற்றோர் பொறுப்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட முக்கியமான பிரதிகளில் ஒன்று இந்தப் புதுச்சேரியில்தான் எழுதப்பட்டது. பாரதி இங்கே இருந்த காலத்தில் எழுதிய 'பாஞ்சாலி சபதம்', முதல் பாகம் 1912இல் வந்தது. அதைப் பெண் விடுதலை நூலாகவும் தேச விடுதலை நூலாகவும் படித்திருக்கிறோம். ஒரு அப்பாவின் கதையாகவும் படிக்கலாம். மகன் ஒரு விளையாட்டு கேட்கிறான். அது தப்பு என்று திருதராஷ்டிரனுக்குத் தெரியும். எடுத்துச் சொல்கிறான், மகன் மசியவில்லை. கடைசியில் விதி என்று சொல்லி அனுமதி கொடுத்துவிடுகிறான்.

வியாச பாரதத்தில் இதைவிடக் கூர்மையான ஒரு இடம் உண்டு. பாஞ்சாலியைப் பணயம் வைத்து ஆடும்போது சபையில் பெரியவர்கள் தலை குனிகிறார்கள். திருதராஷ்டிரன் மட்டும் அடக்க முடியாமல் திரும்பத் திரும்பக் கேட்கிறான்: ஜெயித்தாச்சா, ஜெயித்தாச்சா? அவன் ஓடிப்போகவில்லை. பக்கத்தில்தான் இருந்தான். அதனால் 'பிள்ளையோடு பக்கத்தில் உட்காருங்கள்' என்று நான் சொல்ல வந்த அறிவுரை இந்த இடத்தில் உடைந்துபோகிறது. பக்கத்தில் உட்கார்ந்தும் ஜெயித்தாயா என்று மட்டும் கேட்கலாம். நாம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பதும் அந்த ஒரு கேள்விதானே? எத்தனை மார்க், எத்தனாவது ரேங்க். பதினாறு வருஷம் அதையே கேட்டுவிட்டு, கடைசியாக ஒருவன் மட்டும் மிஞ்சுகிற தீவு அவனுக்கு ஏன் இவ்வளவு பழகின இடமாக இருக்கிறது என்று ஆச்சரியப்படுகிறோம்.

திருதராஷ்டிரனின் அனுமதிக்கு இன்றைய பெயர் ஓடிபி. பப்ஜி தடைக்குப் பிறகு 2021 ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. ரத்தத்தைப் பச்சை நிறமாக்கினார்கள். 'கில்' என்பதை 'ஃபினிஷ்' என்று மாற்றினார்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் எண்ணுக்கு ஓடிபி போகும், நாளைக்கு 3 மணி நேரம்தான் ஆடலாம், நாளைக்கு 7,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது. நாளைக்கு ஏழாயிரம். எங்கள் தெருவில் அது ஒரு மாதத்தின் கணிசமான பகுதி. அப்புறம், வீட்டில் ஒரே ஒரு போன் இருந்தால் ஓடிபி எந்தப் போனுக்கு வரும்? பையன் கையில் இருக்கிற அதே போனுக்கு. கிராமத்து வீட்டின் அமைப்பே தெரியாதவர்கள் எழுதிய விதி அது.

சீனா 2021 ஆகஸ்டில் இன்னும் கடுமையாகப் போனது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரைதான் ஆன்லைனில் ஆடலாம். அங்கே அரசாங்கமே அப்பா. இங்கே 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரைத் தடை செய்தார்கள், 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' அப்படியே கிடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் திண்ணைகளில் ஒரு சாயங்காலம்கூட விளையாட்டு நிற்கவில்லை. இந்தத் தடைகளில் எதிலும் பிள்ளை என்ன பார்க்கிறது என்று பார்க்கிற ஆள் இல்லை.

அந்த இடம் காலியாகவும் இருப்பதில்லை. பப்ஜி மதன் என்று அறியப்பட்ட யூடியூபர் 2021 ஜூனில் தர்மபுரியில் கைதானபோதுதான் பல பெற்றோருக்கு அது உறைத்தது. விளையாடிக்கொண்டே கெட்ட வார்த்தை பேசுவதுதான் அவர் சேனல். பார்த்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். பசங்களுக்கு விளையாட்டில் ஒரு துணை தேவைப்பட்டது. செத்தவனைப் பற்றி ஏதாவது சொல்லும் குரல். ஆயா சொல்லாததை அவர் சொன்னார், வேறு வார்த்தைகளில்.

7

இதையெல்லாம் அக்காவிடம் ஒரு ராத்திரி சொன்னேன். அபிமன்யு கதையையும் இழுத்தேன். அவனுக்கும் பதினாறு வயது என்பார்கள். வியூகத்துக்குள் நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது, ஏனென்றால் கதை கேட்கும்போது சுபத்திரை தூங்கிவிட்டாள்.

அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "அவ புள்ளத்தாச்சிடா. தூங்காம என்ன பண்ணுவா? சொல்லிக் குடுத்த அர்ஜுனன் மறுபடி ஒருநாள் உக்காத்தி வச்சி மிச்சத்தச் சொல்லியிருக்கலாம் இல்ல? பதினாறு வருஷம் இருந்துதே. காலங்காலமா தூங்குனவளத்தான் திட்றீங்க."

பதில் இல்லை. ஷிப்ட் முடித்து வருகிறவளிடம் பொறுப்பைப் பற்றிக் கட்டுரை படித்தவன் நான். அர்ஜுனனை அன்றைக்கு எதிரிகள் திட்டமிட்டு வேறு களத்துக்கு இழுத்துப் போயிருந்தார்கள் என்பது அவனுக்குச் சாதகமான வாதம். மாமாவைக் கடலூருக்கு இழுத்துப் போனது கூலி. ஆனால் பதினாறு வருஷம் என்ற கணக்குக்கு அதில் பதில் கிடையாது. மணவெளிப் பையனின் பெற்றோரைப் பற்றி நான் டீக்கடையில் சொன்ன வாக்கியத்தை அன்றைக்கு மனசுக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அவர்கள் இழந்ததற்கு ஒப்பாரி வைக்கவேண்டிய ஊர், விசாரணை வைத்தது. அதிலே நானும் இருந்தேன்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் அக்கா பையனோடு ஆடுகிறேன். இன்னமும் மோசமாகத்தான் ஆடுகிறேன். போனைப் பிடுங்குவதில்லை, ராத்திரி பத்து மணிக்கு சார்ஜில் போடவேண்டும் என்பது மட்டும் விதி. அதையும் பாதி நாள் மீறுகிறான். அவன் மாறிவிட்டான் என்றெல்லாம் சொல்லமாட்டேன். ஜெயித்தாயா என்று கேட்பதை மட்டும் விட்டிருக்கிறேன். என்ன நடந்தது என்று கேட்கிறேன். முதலில் "ஒன்னுமில்ல மாமா" என்பான். இப்போது கதையாகச் சொல்கிறான். எந்த வீட்டில் ஒளிந்தான், யார் தூக்கிவிட்டது, யார் விட்டுவிட்டு ஓடினது.

போன வாரம் ஒரு ஆட்டத்தில் அவன் ஒருத்தனைச் சுட்டான். திரை ஓரத்தில் யார் யாரைச் சுட்டது என்று பெயர்கள் ஓடும். செத்தவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'அம்மா செல்லம்'. அவன் அதைச் சத்தமாகப் படித்தான். சிரித்தான். பெட்டியை எடுக்க ஓடியவன் ஒரு நொடி நின்றுவிட்டான், ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு நொடியில் வேறு யாரோ அவனைச் சுட்டுவிட்டார்கள்.

"ஒன்னாலதான் மாமா" என்றான்.